இரண்டாம் சேனலில் செல்லக்கண்ணு

தீயணைப்பு வண்டியில் இருக்கிற தண்ணீர் பெரிய தீக்குக் காணாது. பம்பைப் போட்டு அடித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகிவிடும். அப்புறம் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண மண்டபத்துக்கும் கட்டட வேலைக்கும் தண்ணீர் அடிக்கிற லாரி என்னுடையது. தீ என்று போன் வந்தால் மண்டபத்துக்காரன் திட்டினாலும் திட்டட்டும் என்று வண்டியைத் திருப்பிவிடுவேன். அப்படிப் போய்ப் போய்ப் பழக்கமானவர் செல்லக்கண்ணு.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள ஒரு ஸ்டேஷனில் அவர் லீடிங் ஃபயர்மேன். ஒரு வண்டியில் போகிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. அவர் ஒன்றும் எழுதாதே என்று சொல்லவில்லை. எனக்குத்தான் வேண்டாம் என்று இருக்கிறது.

அவரை நான் எப்போது பார்த்தாலும் அசதியாகத்தான் பார்த்திருக்கிறேன். காலையில் திருவானைக்காவலில் யார் வீட்டுக் குளியலறையிலோ பாம்பு. சாப்பிட உட்கார்ந்தால் கிணற்றில் மாடு. ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் கால் கடுக்க நிற்கணும். கொள்ளிடத்தில் குளிக்க இறங்கின பிள்ளைகளைத் தேடப் போன நாளில் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக் குடிப்பார். தீ என்பது இத்தனைக்கும் நடுவில் வருவது.

புகை தின்று தின்று தொண்டை கெட்டுப்போய் குரல் கரகரவென்று வரும். அந்தக் குரலில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போடுவார். வாக்கி.

வாக்கி டாக்கியின் தலையில் ஒரு திருகு இருக்கும். ஒன்றில் வைத்தால் ஜில்லா முழுக்கக் கேட்கும். கன்ட்ரோல் ரூம், எல்லா வண்டிகள், பெரிய அதிகாரி எல்லாரும் அதில்தான். பெரிய அதிகாரியைப் பெரியய்யா என்றுதான் சொல்வார்கள். இரண்டில் வைத்தால் தீ நடக்கிற இடத்தில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். உள்ளே போகிறவன் இரண்டில் இருக்கணும், வெளியே அவனுக்காக நிற்கிறவனும் இரண்டில் இருக்கணும். சொல்லிக் கொடுத்த முறை அதுதான்.

ஆனால் யாரும் திருக மாட்டார்கள். இரண்டுக்குப் போன நேரம் பார்த்துப் பெரியய்யா ஒன்றில் கூப்பிட்டுவிட்டால்? தீ அணையாமல் போனால்கூடக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். பெரியய்யா கூப்பிட்டு ஏன் என்று கேட்காமல் இருந்ததற்குக் காரணம் கிடையாது. அதனால் எல்லாரும் ஒன்றிலேயே கிடப்பார்கள். அவர் ஏதாவது சொல்லி முடித்ததும் ஜில்லாவே ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கி "சரிங்கய்யா" என்று சொல்லும். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினாலே ஒன்றும் கேட்காது. அத்தனை பேர் அமுக்கினால் கொர்ர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அந்தக் கொர்ருக்குள்ள உள்ள இருக்கவன் செத்தாலும் தெரியாதுய்யா" என்பார் செல்லக்கண்ணு. அவர் மட்டும் இடத்தில் இறங்கினதும் முதல் வேலையாக டக்கென்று இரண்டுக்குத் திருகுவார். அதனால் ரெண்டாம் சேனல் என்றே அவருக்குப் பெயர். எதிரிலேயே கூப்பிடுவார்கள். காதில் விழாத மாதிரி இருப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். திருவானைக்காவலில் வாடகை வீடு. ஒரு நாள் குடிநீர் கொடுக்கப் போயிருந்தேன். அவர் மனைவி மாரியாயி உள்ளிருந்தே சொன்னார்.

"என்னங்க, வரும்போது தக்காளி, கறிவேப்பிலை, ஒரு பாக்கெட் பால்."

"தக்காளி, கறிவேப்பிலை, ஒரு பாக்கெட் பால்" என்றார் இவர்.

"பாருங்கண்ணே, நான் என்னமோ மைக்ல பேசுற மாதிரி திருப்பிச் சொல்றதை."

"திருப்பிச் சொன்னாத்தான சொன்னவங்களுக்குக் கேட்டுச்சுன்னு தெரியும்."

"அப்ப தீபாவளிக்குப் புடவை கேட்டனே, அதை ஏன் திருப்பிச் சொல்லல?"

"அன்னைக்கு சிக்னல் கெடைக்கல. ஓவர்."

ஓவர் என்றால் நான் பேசி முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம். "ஓவர்னுட்டாரு. இனிமே நான் பேசலாமாம்" என்று மாரியாயி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வீட்டுச் சுவரில் மகள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி இருந்தது. அடுத்த வருஷம் செல்லக்கண்ணுக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் நிலைய அலுவலர் பதவிக்கான பேனலில், அதாவது பதவி உயர்வுப் பட்டியலில், பெயர் வந்துவிடும், கொஞ்ச நாளாவது தோளில் ஸ்டார் வைத்த சட்டை போடுவார், அந்தச் சட்டையில் ஒரு போட்டோ எடுத்து மாட்டணும் என்று மாரியாயிக்கு ஆசை. ஆணியை முன்கூட்டியே அடித்துவிட்டார். "ஆணி அடிச்சாச்சு, இனிமே கவர்மென்ட்டு கையிலதான் இருக்கு" என்பார் செல்லக்கண்ணு. கிண்டலாகச் சொன்னாலும் அவருக்கும் அந்த ஆசை இருந்தது.

அதைக் கெடுத்தது மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்.

மதியம். நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமி போட்டு வைக்கிற கிடங்கில் தீ. உமித் தீயைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கொழுந்து விட்டெல்லாம் எரியாது. மேலே சாம்பல் பூத்து அணைந்த மாதிரி கிடக்கும், அடியில் கங்கு கனன்று கனன்று குகை மாதிரி ஆகியிருக்கும். காலை வைத்தால் உள்ளே இறங்கும்.

ஃபயர்மேன் பிரான்சி தண்ணீர் அடிக்கிற ஹோஸோடு உள்ளே போனான். வயசுப் பையன் இல்லை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஸ்டேஷனில் உருப்படியாக வேலை செய்கிற வாக்கி இரண்டுதான். ஒன்று அவன் மார்பில், ஒன்று கிடங்கு வாசலில் நின்ற செல்லக்கண்ணு கையில். இரண்டும் இரண்டாம் சேனலில். டிரைவர் நிஜாமுதீன் வண்டியின் பின்னால் பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் லாரியிலிருந்து குழாயை இழுத்து மாட்டிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

வண்டிக்குள் பொருத்தி வைத்திருக்கிற மைக் எப்போதும் ஒன்றில்தான் இருக்கும். அது திடீரென்று பேசியது.

"கொள்ளிடம், கொள்ளிடம். கேக்குதா? ஓவர்."

கொள்ளிடம் என்பது இவர்கள் வண்டிக்குப் பெயர். குரல் பெரியய்யாவுடையது.

நிஜாமுதீன் முகம் மாறிவிட்டது. கை மைக் பக்கம் போனது, பாதியில் நின்றது.

"எடுங்க பாய்" என்றேன்.

"நான் எடுக்கக்கூடாதுண்ணே. லீடிங்தான் எடுக்கணும். போய்ச் சொல்லுங்கண்ணே."

டிரைவர் மைக்கைத் தொடக்கூடாது என்று எந்த உத்தரவும் இல்லை. ஆனாலும் தொட மாட்டார்கள். ஒரு தடவை வேறொரு வண்டி டிரைவர் எடுத்துப் பதில் சொல்லி, "ஏன், உன் லீடிங்குக்கு வாயில்லையா? நீ எதுக்குய்யா எடுத்த?" என்று ஜில்லா முழுக்கக் கேட்க வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அன்றோடு எல்லா டிரைவர்களும் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர்.

நான் வாசலுக்கு ஓடினேன். செல்லக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினார், பேசாதே என்று. அவர் கையில் இருந்த வாக்கியில் பிரான்சி குரல்.

"அண்ணே, கால் எறங்குதுண்ணே. முழங்கால் வரைக்கும் போயிருச்சு. சுடுது."

"கால் எறங்குது, முழங்கால் வரைக்கும். கேட்டுச்சு" என்று திருப்பிச் சொன்னார் செல்லக்கண்ணு. குரலில் ஒரு அவசரமும் இல்லை. "எந்திரிக்காத. அப்படியே முன்னாடி சாஞ்சு படு. ஹோஸைக் கட்டிப் புடிச்சுக்க. புடிச்சுட்டு சொல்லு. ஓவர்."

ஒன்றும் வரவில்லை. இருமல் மட்டும் வந்தது.

"பிரான்சி. புடிச்சியா?"

"புடிச்சிட்டேண்ணே."

"விடாத. இழுக்குறோம்."

என்னைப் பார்த்தார். "லாரி, இதப் புடி" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் லாரி என்றுதான் கூப்பிடுவார். நானும் இன்னொரு ஃபயர்மேனும் அவருமாக ஹோஸை இழுத்தோம். பின்னால் வண்டியில் மைக் கத்திக்கொண்டே இருந்தது. கொள்ளிடம், கொள்ளிடம். பம்பைப் பிடித்தபடி நிஜாமுதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிரான்சி வயிற்றால் உரசிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். பூட்ஸுக்குள் கங்கு. கழற்றித் தண்ணீர் ஊற்றினோம். தோல் வெந்திருந்தது, கால் பிழைத்தது.

மைக்கை மறந்தே போய் நாங்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சைரனோடு இரண்டு வண்டியும் ஜீப்பும் வந்து நின்றன. பெரியய்யா இறங்கினார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"கூப்பிட்டா வாய் தொறக்க மாட்டீங்களா? தண்ணி போதுமான்னு கேக்கக் கூப்பிட்டேன். பதிலே இல்லேன்னா நான் என்ன நெனைக்கிறது? மொத்தப் பேரும் உள்ள மாட்டிக்கிட்டீங்கன்னு ரெண்டு வண்டியை இழுத்துக்கிட்டு வரேன். இந்நேரத்துக்கு டவுன்ல ஒரு எடத்துல பத்திக்கிட்டா யாரு போவா?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை.

"தப்புதாங்கய்யா" என்றார் செல்லக்கண்ணு.

மறு வாரம் மெமோ வந்தது. அழைத்தபோது பதில் தராமல் குழப்பம் ஏற்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் எழுத்தர் சுரேஷ்குமார், காலில் கட்டோடு பிரான்சி, நிஜாமுதீன், நான்.

"நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்கண்ணே" என்றான் பிரான்சி. "நான் உள்ள கெடந்தேன், நீங்க ரெண்டுல இருந்தீங்க. முறை அதுதானே?"

"எழுதலாம்" என்றார் சுரேஷ்குமார். "எழுதுனா அடுத்த கேள்வி என்ன வரும்? வண்டி மைக் பக்கத்துல யாரு நின்னான்னு வரும்."

நிஜாமுதீன் கிளாஸைக் கீழே வைத்தார். வண்டியை ஒரு பாலத்துச் சுவரில் உரசியதற்காக ஏற்கெனவே அவருக்கு ஒரு மெமோ இருந்தது. இன்னொன்று என்றால் எங்கேயாவது தூர ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள். வீட்டில் அவர் அம்மா ஷரபுன்னிசா படுத்த படுக்கை. திருப்பிப் போட்டுப் படுக்க வைக்க இவர் ஒருத்தர்தான்.

"நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீ டீயைக் குடி" என்றார் செல்லக்கண்ணு. அப்புறம் சுரேஷ்குமாரிடம், "கவனக்குறைவுன்னு எழுதிக்கய்யா. இனிமே இப்படி நடக்காதுன்னும் சேத்துக்க."

"எழுதிட்டா பேனல்ல பேர் நிக்காதுண்ணே."

"நிக்காட்டி போவுது. எழுது. எனக்கு அசதியா இருக்கு."

பிரான்சிக்குக் கோபம். "இனிமே நடக்காதுன்னா என்னண்ணே அர்த்தம்? அடுத்த தடவ நான் உள்ள போனா நீங்க ஒண்ணுல இருப்பீங்களா?"

செல்லக்கண்ணு அவனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் அவரும் நிஜாமுதீனும் ஒரே வண்டியில்தான் போனார்கள், வந்தார்கள். பேச்சுக் குறைந்துவிட்டது. வண்டி கழுவும்போது பாய் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

பேனல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை.

அது வந்த வாரமே ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருப் பக்கம் ஒரு சந்துக்குள் பந்தல் சாமான் கிடங்கு பற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலி, துணி, தென்னங்கீற்று. காலை நேரம். கரும்புகை தெருவை மூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பஞ்சகச்சத்தோடு வாசலில் நின்று, "அகத்துல ரெண்டு சிலிண்டர் இருக்கு, பெருமாளே, யாராவது வாங்கோளேன்" என்று தவித்துக்கொண்டிருந்தார். சந்துக்குள் லாரியைப் பின்னால் விட்டே கொண்டுவந்து நிறுத்தினேன்.

பிரான்சிதான் முன்னால் போனான். கால் ஆறி வேலைக்கு வந்திருந்தான். சிலிண்டர்களை ஆள் வைத்து வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுச் செல்லக்கண்ணு கிடங்கு வாசலில் நின்றார். வாக்கியைப் பார்த்தார். ஒன்றில் இருந்தது. கட்டைவிரல் அந்தத் திருகின் மேலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு யோசித்தார்.

உள்ளேயிருந்து பிரான்சி திரும்பிப் பார்த்தான். புகையில் முகம் தெரியவில்லை. நிற்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

டக்கென்று திருகினார். "ரெண்டுல இருக்கேன். போ. ஓவர்."

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வண்டி மைக் பேசியது.

"கொள்ளிடம், கொள்ளிடம். கேக்குதா? ஓவர்."

நான் பம்புப் பக்கம் நின்றிருந்தேன். மறுபடியும் ஓடிப்போய்ச் சொல்வதா வேண்டாமா என்று நின்றேன். சொன்னால் அவர் இரண்டை விடணும். சொல்லாவிட்டால் இன்னொரு மெமோ. ரிட்டயர்மென்ட் பணத்திலேயே கை வைத்துவிடுவார்கள்.

நிஜாமுதீன் பம்பின் வேகத்தைப் பார்த்துச் சரிசெய்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். வண்டிக் கதவைத் திறந்து மைக்கை எடுத்தார்.

"கொள்ளிடம் கேக்குதுங்கய்யா. டிரைவர் நிஜாமுதீன் பேசுறேன். உள்ள ஒரு ஆள் இருக்காருங்க. லீடிங் அவருக்காக ரெண்டாம் சேனல்ல இருக்காருங்க. ஓவர்."

பொத்தானை விட்டுவிட்டுப் பம்பை எட்டிப் பார்த்தார்.

"டிரைவரா? நீ ஏன்யா பேசுற? ஓவர்."

"மைக் பக்கத்துல நான்தாங்கய்யா இருக்கேன்." பொத்தானை விடவில்லை. "மண்ணச்சநல்லூர்லயும் நான்தாங்க இருந்தேன். நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க. டிரைவர் எடுக்கக்கூடாதுன்னு விட்டுட்டேன். லீடிங் மேல தப்பு இல்லீங்கய்யா. அவரு அன்னைக்கும் ரெண்டுலதான் இருந்தாரு. ஓவர்."

பொத்தானை விட்டார். எல்லா வண்டியிலும் கேட்டிருக்கும். ஒருத்தர்கூட "சரிங்கய்யா" சொல்லவில்லை. இப்படிச் சுத்தமாக அந்தச் சேனல் இருந்து நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியய்யா குரல் வந்தது. சத்தம் குறைந்திருந்தது.

"தண்ணி போதுமா? ஓவர்."

"போதுங்கய்யா. லாரி ஒண்ணு நிக்குது. ஓவர்."

"சரி. நீயே மைக்ல இரு. உள்ள இருக்க ஆள் வெளிய வந்ததும் சொல்லு. ஓவர்."

"ஆள் வெளிய வந்ததும் சொல்றேங்கய்யா" என்று திருப்பிச் சொன்னார் நிஜாமுதீன். செல்லக்கண்ணு சொல்கிற மாதிரியே இருந்தது.

தீ அடங்கி பிரான்சி வெளியே வந்த பிறகுதான் செல்லக்கண்ணுக்கு விஷயம் தெரிந்தது. நான்தான் சொன்னேன். அவர் நேராகப் பாயிடம் போனார்.

"எதுக்குய்யா சொன்ன? பேனல்தான் போயிருச்சுல்ல. இப்ப உனக்கும் சேத்து வரும். அம்மாவை யாரு பாப்பா?"

"வந்தா வரட்டும்ணே. மூணு மாசமா வண்டில ஒரு வார்த்தை பேசாம வந்தீங்களே, அதை விடவா?"

"நீதான் பேசல."

"நீங்கதான் பேசல."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்குனா எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான் பிரான்சி, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் மூன்று பேரும் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சாயந்திரமே பெரியய்யா இரண்டு பேரையும் கூப்பிட்டார். செல்லக்கண்ணுவின் ஸ்கூட்டர் பழுதாகிக் கடையில் கிடந்தது. அதனால் நான்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன், வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். நிஜாமுதீனுக்கு வாயால் ஒரு டோஸ், எழுத்தில் எதுவும் இல்லை. செல்லக்கண்ணுவின் மெமோ ரத்து. பேனல் மேலிடத்திலிருந்து வந்தது, அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று பெரியய்யா சொல்லிவிட்டாராம்.

"அடுத்த பேனல்ல வருமா?" என்று கேட்டேன்.

"அடுத்தது வரும்போது நான் ரிட்டயராகி பேரனைத் தூக்கிக்கிட்டு இருப்பேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அம்மா மண்டபம் சாலையில் பாயை இறக்கிவிட்டுத் திருவானைக்காவல் வருகிற வரைக்கும் அவர் தூங்கினாரா சும்மா மூடிக்கொண்டிருந்தாரா, தெரியாது.

தெரு முனையில் லாரி திரும்பாது. இறங்கிக்கொண்டார். நானும் அவர் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மாரியாயி வாசலிலேயே நின்றிருந்தார். பிரான்சி போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான் போல.

"என்னங்க ஆச்சு?"

செல்லக்கண்ணு படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். நிமிரவில்லை.

"மெமோ ரத்து. ஸ்டார் கெடையாது. ஓவர்."

மாரியாயி உள்ளே அந்த ஆணி இருக்கிற பக்கம் பார்த்தாரோ என்னவோ.

"மெமோ ரத்து, ஸ்டார் கெடையாது" என்று திருப்பிச் சொன்னார். "கேட்டுச்சு. கை கால் கழுவிட்டு வாங்க, ரசம் சூடா இருக்கு. அண்ணே, நீங்களும் உக்காருங்க."

லாரி தெருவை மறித்துக்கொண்டு நின்றது. பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். நான் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.